இடப்பக்கம் படுத்துக் கேட்க ஒரு கதை

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மனதில் உதிக்கவும் இல்லை, உறுத்தவும் இல்லை. மருந்தோடு சேர்த்துக் கொடுப்பதற்காக எழுதினேன்.

எங்கள் வீட்டுக்காரருக்குப் பெருங்குடலில் புண். கண்டதைத் தின்று வருகிற வயிற்றுப்போக்கு இல்லை. உடம்பே தன் குடலைப் பகையாளி என்று நினைத்துக்கொண்டு அடிக்கிற நோய். வரும், அடங்கும், மறுபடி வரும். வந்தால் ரத்தத்தோடு போகும். முதலில் ஸ்டீராய்டு கொடுத்தார்கள். முகம் உப்பிப்போய், பார்த்தவர்களெல்லாம் "நல்லா தேறிட்டீங்களே" என்றார்கள், இவர் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினார். அடுத்து வந்த மாத்திரை குமட்டியது. குமட்டலுக்கு, நாக்கில் வைத்தால் கரைகிற இன்னொரு மாத்திரை. மருந்துக்கு இடம் போதாமல், அலமாரியில் இருந்த டம்ளர்களை நான் மேஜைக்கு மாற்றும்படி ஆனது.

இப்போது எனிமா. பின்வழியாக மருந்து ஏற்றுகிற, நீள மூக்கு வைத்த குட்டி பாட்டில். மருந்து உள்ளே போனதும் இடப்பக்கமாகப் படுத்து, அரைமணி நேரமாவது அசையாமல் இருக்க வேண்டும். அப்போதுதான் புண் இருக்கிற இடத்தில் போய்ப் படியும். இவரோ லிஃப்ட் மெக்கானிக், இரவு டியூட்டி. காலையில் வந்து குளித்துவிட்டு, ஜன்னல் திரையை இழுத்துவிட்டுப் படுப்பார். படுத்த மனுஷன் சும்மா கிடப்பாரா? ஃபேன் தட்டுது, கதவுக் கீல் கீச்சுங்குது என்று எழுந்துவிடுவார். மருந்து பாத்ரூமுக்குப் போய்விடும்.

"இதுக்கும் அடங்கலைன்னா, குடலை எடுத்துட்டு வயித்துல பை வைக்கிறதைப் பத்திப் பேச வேண்டியிருக்கும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் 'பை' என்ற சொல்லை யாரும் எடுப்பதில்லை. காய்கறி வாங்கக் கிளம்பும்போதுகூட "அதை எடுத்துக்கறேன்" என்றுதான் சொல்கிறேன்.

ஆகவே ஒரு கதை. மருந்து படிகிறவரைக்கும் நான் வாசிக்க, அவர் கேட்க.

2

முதல் தொடக்கம்:

லிஃப்ட் மேல்மாடியை நெருங்கியபோது, இருட்டில் கம்பிக்கயிறு அறுந்து—

"அறுந்தாலும் விழாது" என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். "ஒரே கயிறாம்மா இருக்கும்? கூட எத்தனை கயிறு இருக்கு. அதையும் மீறினா கீழே பிரேக் கவ்விக்கும். ஊரையே பயமுறுத்தி வெக்காதே."

மருந்து போச்சு.

இரண்டாம் தொடக்கம், நகைச்சுவை:

லிஃப்டில் மாட்டிக்கொண்ட கட்டடச் சொந்தக்காரர், தன்னைத் திட்டி யாரோ உள்ளே ஒட்டியிருந்த நோட்டீசை, பொழுது போகாமல் சத்தமாகப் படித்து, அதில் எழுத்துப்பிழை வேறு திருத்தி—

சிரித்தால் வயிறு குலுங்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. விரிப்பைத் துவைத்துப் போட்டேன்.

மூன்றாம் தொடக்கம் சோகம். [அதை நீங்கள் படிக்க வேண்டாம். கண்ணைத் துடைக்கத் துண்டு தேடி எழுந்துவிட்டார்.]

ஆக இந்தக் கதையின் இலக்கணம் இவ்வளவுதான்: சிரிப்பு கூடாது, அழுகை கூடாது, திகில் கூடாது, லிஃப்டைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை கூடவே கூடாது. எந்தப் பத்திரிகை இதைப் போடும் என்று கேட்காதீர்கள்.

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது, இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் கதைமாந்தர்கள் இருமியிருக்கிறார்கள், காய்ச்சலில் பிதற்றியிருக்கிறார்கள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அழகாகச் சாய்ந்திருக்கிறார்கள். ஒருத்தருக்கும் வயிற்றால் போனதில்லை. "உன் கதையில எல்லாரும் எப்பதான் போவாங்க?" என்று இவர் ஒருநாள் கேட்டார்.)

3

நான்காவது தொடக்கம் தேறியது. நெட்டையன் என்று ஒரு லிஃப்ட் மெக்கானிக். பழைய கட்டடம் ஒன்றில் லிஃப்டின் கூரைமேல் நின்றபடி, மாடி மாடியாக மேலே போகிறான். லிஃப்ட் ஓடுகிற இரும்புத் தடத்தில் காய்ந்து பிசுபிசுத்த எண்ணெயை வழிக்கிறான், துணியால் துடைக்கிறான், புது எண்ணெய் பூசுகிறான். அடுத்த மாடி. வழிக்கிறான், துடைக்கிறான், பூசுகிறான்.

இவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "துணியில நூல் பிரியக் கூடாது, அதையும் எழுது" என்றார். எழுதினேன். ஒவ்வொரு நாளும் ஒரு மாடி. மருந்து உள்ளே நின்றது.

"இது நான்தானே?"

"இல்லையே. இவன் உயரம். பொறுமைசாலி வேற."

ஆனால் எழுதுகிற கை சும்மா இருக்குமா? வெறுமனே எண்ணெய் பூசுகிறவன் எனக்கு அலுத்துவிட்டான். அவனுக்கும் இவருடைய நோயையே கொடுத்தேன். கருவிப்பெட்டியில், திருகாணிகளுக்கு நடுவே, வயிற்றுப்போக்கை நிறுத்துகிற மாத்திரை ஓர் அட்டை வைத்தேன். மருந்துக்கடையில் கேட்டதும் கொடுத்துவிடுகிற மாத்திரைதான். ஆனால் புண் ரத்தமாக இருக்கும்போது அதைப் போட்டால், குடல் ஓடாமல் நின்று உப்பி, உயிருக்கே ஆபத்தாகலாம் என்று டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொல்லியிருந்தார். நெட்டையன் சபலப்பட்டு அதை எடுப்பான், யோசிப்பான், திரும்ப வைத்துவிடுவான். என் திட்டம் அதுதான்.

நெட்டையன் அட்டையைக் கையில் எடுத்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு அதைப் பெட்டியிலேயே—

"முழுங்கிட்டான்" என்றார் இவர்.

4

[இங்கே ஒரு பத்தி இருந்தது. கோபத்தில் எழுதியது. அடித்துவிட்டேன்.]

"யாரு முழுங்கினது?"

"நெட்டையன்தான்." முகம் சுவர்ப் பக்கம் இருந்தது.

"எப்ப?"

"நேத்து டியூட்டிக்கு முன்னாடி. முந்தாநாளும்."

கத்தத்தான் வாய் வந்தது. கத்தினால் எழுந்துவிடுவார். கதை வாசிக்கிற குரலிலேயே கேட்டேன்.

"ஏன் முழுங்கினாராம் அந்தப் புத்திசாலி?"

"எத்தனை தடவை போகுதுன்னு டாக்டர் கேப்பார்ல. கம்மியாச் சொன்னா ஆபரேஷன் பேச்சை எடுக்க மாட்டார்."

"கம்மின்னு வாயில சொல்லிட்டாப் போதுமே. அதுக்கு மாத்திரை எதுக்கு?"

"அவனுக்குப் பொய் சொல்ல வராது."

என்ன மனுஷனோ. பொய் சொல்ல வாய் வராமல், சொல்லப்போகிறதை நிஜமாக்குவதற்காக உயிரோடு விளையாடியிருக்கிறார். எனக்குக் கோபம் வந்த அதே இடத்தில் பிரியமும் வந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டையும் தனித்தனியாக எழுத எனக்குத் தெரியவில்லை.

டாக்டரைக் கூப்பிட்டு, போனை இவர் காதருகே வைத்தேன். படுத்தபடியே ஒன்றுவிடாமல் சொன்னார். வயிறு உப்பியிருக்கா, காய்ச்சல் அடிக்குதா, வலி கூடியிருக்கா என்று டாக்டர் கேட்டார். எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்றார். "இனிமே அதைத் தொடக் கூடாது. மத்தியானமே வாங்க. நடுவுல வலியோ உப்பலோ வந்தா அந்த நிமிஷமே கிளம்பி வாங்க. பாத்துட்டு, அடுத்து என்னன்னு முடிவு பண்ணிடலாம்" என்றார். இவருடைய சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்துக் குப்பையில் போட்டேன்.

5

முடிவு பண்ணிடலாமாம். நானும் பண்ணிப் பார்த்தேன்.

[முடிவு ஒன்று: எனிமா கேட்கிறது. நெட்டையனின் புண் ஆறுகிறது. ரத்தம் நிற்கிறது. டாக்டர் "இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம்" என்கிறார்.]

[முடிவு இரண்டு: குடலை எடுத்துவிடுகிறார்கள். வயிற்றில் பை. ரத்தமும் இல்லை, ஓட்டமும் இல்லை. உடம்பு தேறியதும் நெட்டையன் மறுபடி லிஃப்டின் கூரைமேல் ஏறி—]

இரண்டையும் வாசித்துக் காட்டினேன். முதலாவதற்கு "ம்" கொட்டினார். இரண்டாவதில் லிஃப்ட் பற்றிய தகவலில்கூடக் குறை கண்டுபிடிக்கவில்லை.

"நெட்டையனுக்கு ஒரு பொண்டாட்டி இருந்தா," என்றார் கடைசியில், "பை வெச்சப்புறம் அவ பக்கத்துல படுப்பாளா?"

இதுதானா விஷயம். இத்தனை நாளும் இவர் கத்திக்குப் பயப்படுகிறார், வலிக்குப் பயப்படுகிறார், வேலை போய்விடும் என்று பயப்படுகிறார் என்றெல்லாம் நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். கதாசிரியையாம் நான். ஒரே கட்டிலில் படுக்கிற மனுஷனின் பயம் தெரியவில்லை. கற்பனையில் ஒருத்தனை உண்டாக்கி, அவனுக்கு நோயைக் கொடுத்து, மாத்திரையைக் கொடுத்து, துணைக்கு ஓர் ஆளைக் கொடுக்க மட்டும் மறந்திருக்கிறேன். என்மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

நல்ல பதிலாக ஒன்று தேடினேன்.

["அன்பு என்பது உடம்பைத் தாண்டி—" தூ.]

["எனக்கு நீங்க இருந்தாப் போதும், வேற எதுவும்—" சினிமா.]

தாள்களைக் கீழே வைத்துவிட்டு, இவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டிப் படுத்தேன். கையை எடுத்து இவர் வயிற்றில் போட்டேன். பை பற்றிச் சொன்ன அன்று டாக்டர் விரலால் தொட்டுக் காட்டிய அதே இடத்தில்.

"இங்கதானே வைப்பாங்க?"

"ம்."

"அப்ப என் கைக்கு அது இடைஞ்சலா இருக்கும். கொஞ்சம் மேலே தள்ளிப் போட்டுக்கறேன்."

கையைத் தள்ளியும் காட்டினேன். இவர் அதைப் பிடித்துக்கொண்டார். பிறகு அப்படியே தூங்கிவிட்டார்.

6

ஒரு கை இன்னும் இவரிடம்தான் இருக்கிறது. மற்றதை வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன், அதனால் எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் இவரை எழுப்பி, டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும். அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது.

அதனால் முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். மருந்து கேட்டது என்று எழுதினால் உங்களுக்குப் புண்ணியமாகப் போகும். பை வைத்தார்கள் என்று எழுதினாலும் சண்டைக்கு வரமாட்டேன். ஒன்றே ஒன்றுதான் என் நிபந்தனை. நெட்டையனுக்குக் கல்யாணமாகிவிட்டது. எந்த முடிவாக இருந்தாலும், கட்டிலில் அவளுக்கு இடம் விட்டு எழுதுங்கள்.