கால்மாட்டுச் சிலுவை

டெல்லியில் செத்தாலும் இடம் கிடைக்காது என்று என் மனைவி பிலோமி சிரித்துக்கொண்டே சொல்வாள். நர்ஸ் அல்லவா, சாவைப் பற்றிப் பேச அவளுக்குக் கூச்சமே கிடையாது. கடைசியில் அவளுக்கும் இடம் கிடைத்தது, வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குப் பின்னால், கடைசி வரிசையில்.

கொரோனா இரண்டாவது அலையில் போனாள். அதே நோயில் நான் வேறொரு ஆஸ்பத்திரியில் கிடந்தேன். யார் யாரோ அடக்கம் செய்தார்கள். தேறியதும் கல்லறைத் தோட்டத்துக்கு ஓடினேன். ஒரு மரச் சிலுவையில் கறுப்புப் பெயிண்டில் அவள் பெயர். சிலுவைக்கு மேற்கே ஒரு மண்மேடு, கிழக்கே ஒரு மண்மேடு; மழையில் இரண்டும் ஒன்றுபோலக் கரைந்திருந்தன. எல்லோருக்கும் தலை மேற்கே, கால் கிழக்கே. எங்கள் ஊரில் சிலுவையைக் கால்மாட்டில்தான் நடுவோம். கடைசி நாளில் எழுந்திருக்கும்போது கண்ணுக்கு நேரே சிலுவை நிற்க வேண்டும். ஆகவே மேற்கு மேட்டில் விழுந்து அழுதேன். யாரையும் கேட்கவில்லை. பெண்டாட்டி எங்கே படுத்திருக்கிறாள் என்று ஊராரிடமா கேட்பேன்?

இந்தத் தோட்டத்தில் ஒரு சட்டம். ஆள் வராத மண்குழியைச் சில வருடத்தில் தோண்டி வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். ஆள் வருகிற குழி அந்தக் குடும்பத்துக்கே; புருஷன் செத்தால் பெண்டாட்டி குழியிலேயே இறக்குவார்கள். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். அதற்காகவே ஞாயிறுதோறும் மயூர் விஹாரிலிருந்து வந்து களை பிடுங்கினேன், சிலுவைக்குப் பெயிண்ட் அடித்தேன், மகள் எவாஞ்சலினோடு போட்ட சண்டையெல்லாம் சொல்லிப் புலம்பினேன்.

சிப்பாய்களுக்கு அந்தக் கவலை இல்லை. முன்பக்கம் கம்பெனி காலத்துக் கல்லறைகள், எழுத்தெல்லாம் தேய்ந்துவிட்டது. அதற்கப்புறம் உலக யுத்தங்களில் குண்டுபட்டும் காய்ச்சல் கண்டும் செத்தவர்கள், வரிசை வரிசையாக. கடைசியில் ஹாரிஸ், வயது இருபது. அவனுக்காக அழுத தாயும் போய்ச் சேர்ந்திருப்பாள். ஆனாலும் புல் வெட்ட ஆள் உண்டு, கல்லைக் கழுவ ஆள் உண்டு. ஒருவனும் அவன்மேல் மண்வெட்டி வைக்க மாட்டான். "ஒனக்கென்னல, ராஜா வீட்டுப் பொணம்" என்று வயிறெரிந்து திட்டியிருக்கிறேன். பாவம், அவன் என்ன செய்வான்.

இந்த வருடம் கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் மேட்டைச் செப்பனிடப் போனேன். சிலுவை ஹாரிஸின் கல்லில் சாய்ந்து நின்றது. கிழக்கு மேடு இருந்த இடத்தில் குழி. உள்ளே லட்சுமணன், குழி தோண்டுகிற விழுப்புரத்துக்காரன்.

"எலேய், யாரக் கேட்டு எம்பொண்டாட்டி சிலுவையப் புடுங்கின? ஒங்கை வெளங்குமா?"

"கோச்சுக்காதீங்க சார். பத்திரமாத்தான் வச்சிருக்கேன். வேலை முடிஞ்சதும் நட்டுடறேன். இது ஆள் வராத குழி, ஒரு மெழுகுவத்தி நான் பாத்ததில்ல."

கோபம் அடங்கியது. அப்போதுதான் மண்ணோடு கிடந்த கிழிந்த பிளாஸ்டிக்கைப் பார்த்தேன்.

"அதென்ன?"

"கொரோனா பை சார். அப்ப அப்படித்தானே பொதச்சாங்க."

"அப்ப எங்க மேட்டுலயும் அது இருக்கும்."

"உங்களுதா? அது பழசாச்சே சார். கொரோனாவுக்கு முன்னாடியே நான் பாத்திருக்கேன்."

"கால்மாட்டுலதானே சிலுவை..."

"இங்க யாரு சார் கால்மாட்டுல நடறாங்க? அதோ பாருங்க, சோல்ஜர் கல்லு எல்லாம் தலைமாட்டுலதான்."

பார்த்தேன். அத்தனை கல்லும் தலைமாட்டில். ஞாயிறுதோறும் அவற்றைத் தாண்டித்தான் வந்திருக்கிறேன், குருட்டு மூதி.

லட்சுமணனுக்கும் புரிந்துவிட்டது. மண்வெட்டியைக் கீழே போட்டான். "ஐயோ சார்... இது அம்மாவா? நீங்க அந்த மேட்டுல உக்காந்து அழுவறதப் பாத்து, சிலுவையும் அதோடதுன்னு நெனச்சுட்டேனே."

"எலும்பு எங்கல?"

"காலைலயே பொதுக்குழியில கொட்டிட்டேன் சார். எல்லாரோடதும் கலந்து கெடக்கு."

அவள் குழிமேல் ஒருநாள்கூட ஒரு பூ வைக்கவில்லை நான். வைத்திருந்தால் தோண்டியிருக்க மாட்டார்கள். நானே அவளை அநாதையாக்கிவிட்டேன். குழி விளிம்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

அந்தக் குழிக்கான சவப்பெட்டி வாசலில் வந்துவிட்டது. லட்சுமணன் தயங்கித் தயங்கிக் கேட்டான்: "சார், ஜல்தி சொல்லுங்க. கல்லறைக் கமிட்டி ஆளு வராரு. இந்தப் பழைய மேடு உங்களுது இல்லன்னா இதையும் எடுத்துக்குவாங்க."

"என்னோடதுதான்" என்றேன்.

சிலுவையைத் தூக்கிவந்து இந்தத் தடவை தலைமாட்டில் நட்டேன். கீழே இருப்பது ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. நான் செத்தால் என்னை இதில்தான் இறக்குவார்கள்.