சிவப்பே வராத பக்கம்

டேப்லெட்டில் அந்த வெப் பக்கம் ஓடத் தொடங்கி நாற்பத்தொன்பது மணி நேரம் ஆகியிருந்தது. அதுவரை ஒரு தடவைகூடச் சிவப்பு வரவில்லை.

தமிழ்மதிக்கு அதில் கவலை இல்லை. கொஞ்சம் வருத்தம்தான். அந்தச் சிவப்பைத் தேர்ந்தெடுக்க அவள் ஒரு மாலை முழுவதையும் செலவழித்திருந்தாள். தக்காளிச் சிவப்பு வேண்டாம், லாரியின் பின்விளக்குச் சிவப்பு வேண்டாம் என்று ஒவ்வொன்றாகத் தள்ளி, கடைசியில் மாதுளம்பூவின் நிறத்தில் வந்து நின்றாள். யாரையும் திட்டாத சிவப்பு. கொஞ்சம் பொறுங்கள் என்று மட்டும் சொல்கிற சிவப்பு.

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் லிங்கசாமியின் பனியன் கம்பெனியில் அவளுக்கு ஒரு கண்ணாடி அறை. இயற்பியல் படித்துவிட்டு ஆபீஸ் வேலைக்கு வந்தவள், சாப்பாட்டு நேரங்களில் போனில் பார்த்துப் பார்த்தே ஜாவாஸ்கிரிப்ட் கற்றுக்கொண்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு வரிசை மெஷின்கள். ஜன்னல் வெயிலில் பஞ்சுத் துகள்கள் மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் நின்றுகொண்டிருக்கும். மெஷின்களிலிருந்து எலுமிச்சை மஞ்சளில் சின்னச் சின்னக் கைகளும் கால்களும் வழிந்து கூடைகளில் விழும். பிறந்த குழந்தைகளுக்கான உடுப்பு. எங்கோ கடலுக்கு அப்பால் இன்னும் பெயர்கூட வைக்காத உடம்புகள் அதற்குள் தூங்கப் போகின்றன என்று நினைத்துக்கொண்டால், அவளுக்கு வேலை மறந்துபோகும்.

குழந்தை உடுப்பு என்பதால் அங்கே ஒரு கண்டிப்பான முறை இருந்தது. ஊசி உடைந்தால் மெஷினை நிறுத்த வேண்டும். எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்து, ஒரு காகிதத்தில் ஊசி வடிவத்திலேயே சேர்த்து டேப் ஒட்டிக் காட்ட வேண்டும். காட்டினால்தான் புது ஊசி. முனை மட்டும் கிடைக்காவிட்டாலும் அந்தக் கட்டுத் துணி முழுவதையும் ஒதுக்கி, அடுத்த வீதிக் கம்பெனியில் இருக்கும் மெட்டல் டிடெக்டரில் ஓட்ட வேண்டும்.

காகிதம் ஒட்டுவதற்குள் நேரம் போகிறது என்று லிங்கசாமிதான் ஒரு பக்கம் செய்யச் சொன்னார். ஊசி அலமாரி அருகே ஒரு டேப்லெட். அதில் ஒரே கேள்வி: எல்லாத் துண்டும் கிடைத்ததா? ஆமா, இல்லை என்று இரண்டு பட்டன்கள். ஆமா என்றால் திரை பச்சையாகும். துண்டுகளைத் தகர டப்பாவில் போட்டுவிட்டுப் புது ஊசி வாங்கிக்கொள்ளலாம். இல்லை என்றால் சிவப்பாகும், கட்டு ஒதுங்கும். அமுக்கியவர் பெயரைச் சேமிக்க வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். பேர் கேட்டால் பயந்துகொள்வார்கள் என்றார். நேரமும் பதிலும் மட்டும் போதும்.

புதன்கிழமை டேப்லெட்டுக்குக் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினார்கள். இரண்டு நிறங்களையும் காட்டலாம் என்று தமிழ்மதி முதலில் 'இல்லை'யின் மேல் விரலைக் கொண்டுபோனாள்.

"அட, முதல் முதல்ல இல்லைன்னு அமுக்காத கண்ணு" என்றார் லிங்கசாமி. "நல்ல காரியம். ஆமான்னு அமுக்கு."

அவளுக்கும் அது சரியென்றே பட்டது. வீட்டில் அரிசி தீர்ந்தால் அவள் அம்மாவும் இல்லை என்று சொல்லமாட்டாள், வாங்கணும் என்பாள். ஆமா என்று அமுக்கினாள். இளந்தளிர்ப் பச்சை வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். கண்ணாடி அறையில் தனியாகச் சோதித்தபோதுகூட, நல்லது தொடங்கும் முன் எதற்கு என்று அந்த விரல் 'இல்லை'யைத் தொட்டதில்லை.

வெள்ளிக்கிழமை பதினொரு மணி டீக்கு மெஷின்கள் நின்றன. நின்ற பிறகும் சற்று நேரம் காதுக்குள் அவை ஓடிக்கொண்டிருக்கும். அப்போது எல்லாரும் தண்ணீருக்கு அடியில் நடமாடுவதுபோல் இருக்கும் அவளுக்கு.

லைன் சூப்பர்வைசர் மைதிலி டம்ளருடன் வந்து கதவில் சாய்ந்தாள்.

"ஏ தமிழு, உன்ற பக்கம் வந்ததுல இருந்து ஒரு முனைகூடத் தொலையலையே. கருப்பராயனுக்குக் கெடா நேர்ந்துக்கிட்டியா?"

"இல்லக்கா."

"இல்லங்காத, நேர்ந்துக்க. கறிசோறு எங்களுக்கு."

கடைசி மெஷினிலிருந்து மூக்கம்மாள் சிரித்தாள். ஆண்டிபட்டிப் பக்கத்துக்காரி. "கெடாய இவ வெட்டுவாளாக்கும்? கம்ப்யூட்டர் பாப்பாவுக்கு எறும்ப நசுக்கவே மூணு நாள் ஆகும்."

"நீங்க பேசுவீங்க அக்கா, ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்த தெம்பு" என்றாள் மைதிலி. "தம்பி மகனுக்குப் பேர் வெக்கறதுன்னா போன்லயே பேரைக் கத்திட வேண்டியதுதானே?"

"அத்தை மடியில வச்சுத்தாம்மா காதுல பேரச் சொல்லணும். நான் போகலன்னா அவன் காலத்துக்கும் 'டேய்'னுதான் அலைவான்."

அவள் மடியில் எலுமிச்சை மஞ்சளில் ஒரு உடுப்பு கிடந்தது. அவளே தைத்து, கழுத்துத் தையல் கோணியதால் கழித்த பீஸ். மைதிலி அவளுக்குக் கொடுத்திருந்தாள். பேசிக்கொண்டே மூக்கம்மாள் தையல் ஓரமாகக் கட்டைவிரலை வைத்து, ஒவ்வொரு அங்குலமாக அமுக்கிக்கொண்டு போனாள். துணியின் மென்மையை ரசிக்கிறாள் என்று தமிழ்மதி நினைத்தாள்.

எல்லாரும் டீயில் இருந்தார்கள். ஊசி அலமாரிப் பக்கம் யாரும் இல்லை. ஒரே ஒரு தடவை தன் சிவப்பைப் பார்த்துவிட்டு அந்தப் பதிவை அழித்துவிடலாம் என்று தோன்றியது. டேப்லெட்டின் முன் போய் நின்று 'இல்லை'யை அமுக்கினாள்.

இளந்தளிர்ப் பச்சை வந்தது.

திரும்ப அமுக்கினாள். திரும்பவும் பச்சை.

அறைக்கு வந்து உட்கார்ந்து, தான் எழுதியிருந்த வரிகளைத் திறந்தாள். மெஷின்கள் மறுபடி ஓடத் தொடங்கின.

ட்ரூ, ஃபால்ஸ். ஆமா, இல்லை என்பதற்குக் கம்ப்யூட்டரில் இரண்டே மதிப்புகள், பூலியன் என்று பெயர். கற்றுக்கொண்ட நாளில் அது அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. இரண்டே சொற்களில் பேசி முடித்துவிடக்கூடிய ஓர் ஊர் போல.

ஆனால் டேப்லெட் பூலியனை அனுப்பவில்லை. பட்டனுக்குப் பின்னால் வைத்திருந்த மதிப்பை எழுத்தாக அனுப்பியது. 'ஃபால்ஸ்' என்ற வெறும் சொல்லாக. மாற்றிக்கொடுக்கும் என்று நம்பி, பூலியன் என்ற ஃபங்ஷனுக்குள் அவள் அதைப் போட்டிருந்தாள். அந்த ஃபங்ஷன் சொல்லைப் படிப்பதில்லை. மூட்டையைத் தூக்கிப் பார்ப்பதுபோல், உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. வெறுமையாக இருந்தால் ஃபால்ஸ். எது இருந்தாலும் ட்ரூ.

ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்தாள். எழுத்தே இல்லாத சொல்: ஃபால்ஸ். பூஜ்யம் என்ற எண்: ஃபால்ஸ். அதே பூஜ்யத்தை எழுத்தாகக் கொடுத்தாள்: ட்ரூ. ஒரே ஒரு இடைவெளி: ட்ரூ. 'இல்லை': ட்ரூ. 'கிடைக்கவில்லை': ட்ரூ. 'குழந்தைக்குக் குத்தும்' என்று தட்டினாள். அமைதியாக, ட்ரூ.

திருத்த ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஃபங்ஷனை எடுத்துவிட்டு, வந்த சொல் 'ட்ரூ' என்பதேதானா என்று மூன்று சமக்குறி போட்டுக் கேட்டாள். தன் திரையில் 'இல்லை'யை அமுக்கியதும் மாதுளம்பூ விரிந்தது. அவள் நினைத்ததைவிட அழகாகத்தான் இருந்தது. பார்க்கப் பிடிக்கவில்லை.

பழைய பதிவுகளைத் திறந்தாள். புதன்கிழமை அமுக்கியதையும் சேர்த்துத் தன்னுடைய மூன்றையும் அழித்த பிறகு பதினொன்று மிச்சம். பதினொன்றும் ட்ரூ. வந்த சொல்லை ட்ரூவாக மாற்றிய பிறகுதான் சேமித்திருந்தாள். ட்ரூவை எத்தனை முறை திருப்பிக் கேட்டாலும், முன்பு தான் என்ன சொல்லாக இருந்தது என்று அதற்குத் தெரியாது.

லிங்கசாமி பேக்கிங்கில் இருந்தார். சுவர் உயரத்துக்கு அட்டைப் பெட்டிகள். தமிழ்மதி பெட்டிகளைப் பார்த்துச் சொன்னாள். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. முதல் தடவை அவருக்குக் கேட்கவில்லை. இரண்டாம் தடவை கேட்டது. அவர் கையிலிருந்த டேப் ரோல் அப்படியே நின்றது.

"அப்ப இல்லைன்னு அமுக்கியிருந்தாலும் பச்சைதான் வந்திருக்குமா?"

"ஆமாங்க."

"யாராச்சும் அமுக்கினாங்களா?"

"தெரியலீங்க. அது அழிஞ்சு போச்சுங்க."

அவர் தகர டப்பாவைக் கொண்டுவரச் சொல்லி ஒரு வெள்ளைத் துணியில் கவிழ்த்தார். இரண்டு மாதத்து மழுங்கிய ஊசிகளும் இந்த மூன்று நாள் துண்டுகளும் கலந்து, மீன் முள்போல் மின்னின. எதை எதோடு சேர்ப்பது? கொஞ்ச நேரம் இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒருத்தருக்கு ஒரு முனை கிடைக்கலைன்னாலும் அத்தனை பொட்டியும் பிரிச்சாகோணும்" என்றார். "அயர்ன்ல எல்லாக் கட்டும் கலந்து போச்சு. அடுத்த வீதி டிடெக்டர்ல ஒவ்வொரு பீஸா ஓட்டோணும். ஞாயித்துக்கிழமை வரைக்கும் இங்க ஒருத்தரும் நகர முடியாது. எல்லாருக்கும் கிடைச்சிருந்தா, வண்டி ரெண்டு மணிக்குப் போயிரும். ரெண்டுல எது?"

அவர் வெள்ளைத் துணியின் நான்கு மூலைகளையும் சேர்த்து மடித்தார்.

"அமுக்குனவங்களத்தான் கேக்கோணும். நீயே கேளு கண்ணு. நான் கேட்டா வாயத் தொறக்க மாட்டாங்க."

மைதிலி மெயின் சுவிட்சை அணைத்தாள். ஒவ்வொரு முகமாகத் திரும்பியது. தமிழ்மதி இரண்டு வரிசைகளுக்கும் நடுவில் நின்றாள். கல்லூரியில் ஒரு செமினாருக்குப் பயந்து மூன்று நாள் காய்ச்சல் என்று படுத்தவள் அவள்.

"தப்பு என்னோடதுங்க" என்றாள்.

"சத்தமாச் சொல்லு தமிழு, ஃபேனுக்கே கேக்கல" என்றாள் மைதிலி. யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு கொஞ்சம் உதவியது.

"நீங்க இல்லைன்னு அமுக்கியிருந்தாலும், அந்தப் பக்கம் அதை ஆமான்னுதான் எடுத்திருக்கும். நான் எழுதுனது தப்பு. பச்சை வந்ததுக்கு நீங்க பொறுப்பில்லீங்க. துண்டு கிடைக்காம யாராவது இல்லைன்னு அமுக்குனீங்களா? அதை மட்டும் சொல்லுங்க."

முன் வரிசையில் ஒருத்தி, "பச்சை வந்துச்சுன்னா எல்லாம் சரின்னுதானே சொன்னீங்க?" என்றாள். இன்னொருவர், "இனிமே பொட்டியப் பிரிச்சா ஞாயித்துக்கிழமை நம்மளுது போச்சு" என்று பக்கத்து மெஷினிடம் முணுமுணுத்தார். பஞ்சுத் துகள்கள் மட்டும் வெயிலில் நின்றுகொண்டிருந்தன.

லிங்கசாமி இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு பெருமூச்சு விட்டார். "சரி, ஒருத்தரும் இல்லைங்கறீங்க. வண்டியப் பின்னால எடுக்கச் சொல்லு மைதிலி."

வெளியே வண்டி கீக் கீக் என்று பின்வாங்கும் சத்தம் கேட்டது. தமிழ்மதி தரையைப் பார்த்துக்கொண்டே அறைப்பக்கம் நடந்தாள். கடைசி மெஷினைத் தாண்டும்போது மூக்கம்மாளின் கை கண்ணில் பட்டது. எலுமிச்சை மஞ்சள் உடுப்பு மடியில் உள்பக்கம் வெளியே திரும்பிக் கிடந்தது. கட்டைவிரல் தையலின் ஓரமாக, ஒவ்வொரு அங்குலமாக, அமுக்கி அமுக்கி நகர்ந்தது. கழுத்தை முடித்துக் கைக்கு வந்தது. கையை முடித்து மறுபடி கழுத்துக்குப் போனது.

அது ரசிக்கிற விரல் இல்லை. தேடுகிற விரல்.

தமிழ்மதி அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். என்ன கேட்பது என்று தெரியவில்லை. வாயில் வந்ததைக் கேட்டாள்.

"தம்பி பையனுக்கு என்ன பேருங்கக்கா வெக்கப் போறீங்க?"

மூக்கம்மாளின் விரல் நின்றது.

"இத நேத்தே வெந்நியில அலசிக் காயப்போட்டேன் பாப்பா" என்றாள், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "அப்புறமும் பைக்குள்ள வைக்க மனசு வரமாட்டேங்குது. பச்சை வந்துச்சு. அதுக்குத் தெரியும்போலன்னு விட்டுட்டேன்."

தமிழ்மதி மெஷினின் கீழே அந்தத் துணியின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

வண்டியின் சத்தம் நின்றது. பின்கதவு திறந்தது. யாரோ முதல் பெட்டியைத் தோளில் ஏற்றினார்கள்.

மூக்கம்மாள் உடுப்பை மெஷின் மேல் வைத்துவிட்டு எழுந்து நின்றாள். ராத்திரி பஸ் டிக்கெட் இருந்த சுருக்குப்பையை இடுப்பில் ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு அந்த நீளமான கூடம் முழுவதற்கும் கேட்கும்படி சொன்னாள்:

"ஓனரய்யா, பொட்டிய எறக்கச் சொல்லுங்க. நான் இல்லைன்னுதான் அமுக்குனேன். என் ஊசியோட முனை கெடைக்கல."