பாயோட பையை நல்லாப் பாருங்க

பேராவூரணி இராஜாங்கத்துக்குச் சர்க்கரை உண்டு, ரத்தக்கொதிப்பு உண்டு. இரண்டுக்கும் மாத்திரை இருக்கிறது. எதிர்க் குடோன் சேக் தாவூது பாய்க்குத்தான் மாத்திரை இல்லை.

இரண்டு பேருக்கும் தேங்காய் வியாபாரம்தான். கடைத்தெருவில் எதிரெதிர் குடோன். ஒரே மண், ஒரே வாய்க்கால் தண்ணீர், ஒரே வண்டிக்காரன். கஜா புயலில் இரண்டு பேருக்கும்தான் மரம் சாய்ந்தது. சொல்லப்போனால் பாய்க்கு நூறு மரம் கூடவே போனது. ஆனால் முதலில் எழுந்து உட்கார்ந்தது யார்? பாய். வெளியூர் வியாபாரி வந்து இறங்கினால் யார் குடோன் பக்கம் போகிறான்? பாய் குடோன் பக்கம். சரி, அதெல்லாம் போகட்டும், வீட்டில் சோறு போடும்போது சௌந்தரநாயகி சொல்கிறாள், "பாயைப் பாருங்க, எவ்வளவு நிதானமா பேசுறாரு." கட்டின பெண்டாட்டி! இராஜாங்கம் அன்றைக்குச் சாம்பாரோடு கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டார்.

இந்த லட்சணத்தில் துபாயிலிருந்து செழியன் கூப்பிட்டிருந்தார். அங்கே காய்கறிச் சந்தையில் பெரிய மொத்த வியாபாரி. ராமநாதபுரம் பக்கத்துக்காரர். வாரம் ஒரு கண்டெய்னர் தேங்காய், வருஷம் முழுக்க. "ரெண்டு பேரும் வாங்க, காயைப் பாத்துட்டு ஒருத்தருக்குக் கொடுத்துடுறேன்" என்றார். இந்த ஆர்டர் வந்தால் இராஜாங்கத்தின் குடோன் பிழைக்கும். வராவிட்டால் குடோனை வாடகைக்கு விட வேண்டியதுதான். அதையும் யார் எடுப்பார்? எதிர்க் குடோன்காரர்தான் எடுப்பார்.

ஏர்போர்ட்டுக்கு ஒரே காரில் போகலாம் என்று சொன்னதும் பாய்தான். "ரெண்டு காரு எதுக்குண்ணே? பேசிக்கிட்டே போவோம்." தஞ்சாவூரில் இறங்கி காபி குடித்தார்கள். காபிக்காரன் பாயிடம் மட்டும் "நல்லா இருக்கீங்களா" என்று கேட்டான். முன்னே பின்னே பார்த்திராத காபிக்காரன்! அத்தர் வாசத்துக்கே மயங்கிவிடுவான்கள் போல என்று இராஜாங்கம் பல்லைக் கடித்தார்.

குடியரசு தினத்துக்கு நாலு நாள் இருந்தது. ஏர்போர்ட் வாசலில் பலத்த பாதுகாப்பு என்று பேப்பரில் போட்டிருந்தான். பலத்த பாதுகாப்பு எப்படி இருந்தது என்றால், ஒருவன் நீளக் குச்சியில் கண்ணாடி கட்டி காருக்கு அடியில் விட்டான், கண் முழுக்கச் செல்போனில் இருந்தது. அடியில் ஓர் ஆளே படுத்திருந்தாலும் கண்ணாடிக்குத்தான் தெரிந்திருக்கும்.

"குண்டு வைக்கிறவன் இப்படி வரிசையில நின்னு பெல்ட்டைக் கழட்டிக்கிட்டா வருவான்?" என்றார் இராஜாங்கம்.

"அவன் வரமாட்டாண்ணே. நான் வருவேன். என்னைத்தான் கழட்டச் சொல்லுவாங்க" என்று பாய் சிரித்தார். "பதினாலு தடவை போயிருக்கேன். பதிமூணு தடவை தனியாக் கூப்பிட்டாங்க. ஒரு தடவை விட்டதுக்குக் காரணம், அன்னிக்கு மிஷின் ரிப்பேரு."

நியாயமாகப் பார்த்தால் இதைக் கேட்டு மனசு சங்கடப்பட வேண்டும். இராஜாங்கத்துக்கு வந்ததோ ஒரு சின்ன நிம்மதி. எல்லா இடத்திலும் முன்னால் போகிறவன் ஓர் இடத்திலாவது நிற்கிறானே என்ற நிம்மதி. அற்பம்தான். அற்பம் என்று அவருக்கும் தெரியும்.

அதுவும் நிலைக்கவில்லை. சோதனை வரிசையின் முகப்பில் மீசைக்கார அதிகாரி ஒருவர் நின்று, எண்ணெய், ஊறுகாய், தண்ணீர் இருந்தால் எடுத்துவிடச் சொல்லிக்கொண்டிருந்தார். பாய் முன்னால், இராஜாங்கம் பின்னால். பாய் பம்பாயில் ஆறு வருஷம் வேலை பார்த்தவர், ஹிந்தி தண்ணீர் பட்டபாடு. ஏதோ சொன்னார், மீசை சிரித்தது. இன்னும் ஏதோ சொன்னார், மீசை பாயின் தோளில் தட்டி, "ஜாயியே" என்று கையைக் காட்டி அனுப்பியது. பதிமூணு தடவை நிறுத்தியவர்கள், இன்றைக்கென்று பார்த்து ராஜமரியாதை!

இராஜாங்கம் முறை வந்தது. யோக்கியமாகப் பையைத் திறந்து, சௌந்தரநாயகி கட்டிக்கொடுத்த எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலைத் தானே எடுத்துக் காட்டினார். மீசை ஒரு வார்த்தை பேசவில்லை. வாங்கி, பக்கத்திலிருந்த குப்பைத் தொட்டியில் டணால் என்று போட்டது. அவனுக்குத் தோளில் தட்டு, எனக்குக் குப்பைத் தொட்டியா! வயிறு எரிந்தது. மிகையில்லை, நெஞ்சுக்குழிக்குக் கீழே நிஜமாகவே எரிந்தது.

கொஞ்சம் தள்ளி ஒரு தமிழ் இன்ஸ்பெக்டர் நின்றிருந்தார். இராஜாங்கம் அவர் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்தி, "சார், முன்னாடி போற அந்த பாயோட பையை நல்லாப் பாருங்க" என்றார்.

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். "ஏன்? என்ன இருக்கு?"

"எனக்கென்ன சார் தெரியும். பாத்துக்கிட்டா நல்லது."

அவ்வளவுதான். ஒரு பத்து நிமிஷம் பாய் நின்று வேர்க்கட்டும், செழியனைப் பார்க்கப் போகும்போது அந்தச் சிரிப்பு கொஞ்சம் மங்கியிருக்கட்டும் என்று நினைத்தார். அதற்கு மேல் ஒன்றும் நினைக்கவில்லை, சத்தியமாக.

ஆனால் அரசாங்கத்தின் காதில் ஒரு சொல் விழுந்தால் அது சும்மா இருக்குமா? இன்ஸ்பெக்டர் விசில் அடிக்காத குறை. பாயின் பை மிஷினுக்குள் போனதும் திரையில் உருண்டையாக இரண்டு தெரிந்தது. தேங்காய்! சாம்பிளைக் கைப்பையிலேயே வைத்திருந்தார் மனுஷன். "ஏ, நிறுத்து நிறுத்து" என்று ஒருவன் கத்தினான். நாலு பேர் ஓடினார்கள். மீசை ஓடியது. துப்பாக்கிக்காரன் ஓடினான். திரைக்கு முன்னால் உட்கார்ந்து பார்க்க வேண்டியவனும் நாற்காலியை விட்டு எழுந்து, எட்டி எட்டி அந்தத் தேங்காயைத்தான் பார்த்தான். மிஷின் பெல்ட் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இராஜாங்கத்தின் தோள்பை உள்ளே போய், யாரும் ஏறெடுத்துப் பார்க்காமல், வெளியே வந்து நின்றது. எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார்.

பாயைக் கண்ணாடி அறைக்குள் கூட்டிப்போனார்கள். போகும்போது பாய் திரும்பி, "நீங்க போய் உக்காருங்கண்ணே, வந்துடுறேன்" என்று கையாட்டினார்.

இராஜாங்கம் கேட் பக்கம் போய் உட்கார்ந்தார். பத்து நிமிஷம் ஆனது, இருபது ஆனது, பாயைக் காணோம். ரத்தக்கொதிப்பு மாத்திரை போடலாம் என்று பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்து கையை விட்டார். விரலில் துணி உறை தட்டியது. உறைக்குள் மரப்பிடி.

அடக் கடவுளே. கத்தி.

தேங்காய் வியாபாரி எவனும் அது இல்லாமல் தோப்புக்குள் இறங்கமாட்டான். நாலு விரல் நீளம், நுனி வளைந்தது. காயை உடைத்துப் பருப்பைக் கீறி, கனம் எவ்வளவு என்று பார்த்தால்தான் விலையே பேச முடியும். இருபத்தைந்து வருஷமாக அந்தப் பையில் அந்த ஜிப்புக்குள்தான் அது இருக்கிறது. அவர் கணக்கில் அது கத்தியே இல்லை, சட்டைப்பையில் இருக்கிற பேனாதான். அதனால்தான் ஊறுகாய் ஞாபகம் இருந்தது, இது ஞாபகமில்லை.

உட்கார்ந்த இடத்திலேயே வேர்த்துக் கொட்டியது. ஊறுகாய் பாட்டிலைப் பிடித்த பாதுகாப்பு, உயிரை எடுக்கிற கத்தியை விட்டுவிட்டது. அது மட்டுமா? அது ஏன் விட்டது என்றும் அவருக்குப் புரிந்தது. தான் சொன்ன அந்த ஒரு சொல்லால்தான் அத்தனை கண்ணும் பாய் பக்கம் திரும்பியது. நிஜமாகவே குண்டோடு ஒருவன் பின்னால் வந்திருந்தால்?

கடைசிப் பயணிகளைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். இராஜாங்கம் எழுந்து, கேட்டுக்குப் போகாமல் சோதனைப் பக்கம் நடந்தார். கத்தியைக் காட்டினால் இவன்களின் முட்டாள்தனம் இவன்களுக்கே தெரியும், வெட்கப்பட்டுப் பாயை விட்டுவிடுவான்கள் என்று ஒரு கணக்கு. தான் சொன்னதைச் சொல்லாமலே பாயை மீட்டுவிடலாம் என்பது அதற்குள் இருந்த இன்னொரு கணக்கு.

கண்ணாடி அறைக்குள் பாய் காலில் செருப்பில்லாமல் உட்கார்ந்திருந்தார். மேஜை மேல் உடைத்த தேங்காய் நாலு மூடி. தரையெல்லாம் தண்ணீர். இன்ஸ்பெக்டர் வாசலிலேயே மறித்தார். இராஜாங்கம் துணி உறையை நீட்டி, "சார், இது என் பையில இருந்துச்சு. உங்க மிஷின் வழியாத்தான் வந்துச்சு" என்றார்.

இன்ஸ்பெக்டர் உறையைப் பிரித்துப் பார்த்தார். முகம் வெளிறியது. அக்கம் பக்கம் பார்த்துவிட்டு, இராஜாங்கத்தின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல சார்."

"சொல்லாதீங்க. நீங்க கொடுக்கல, நான் வாங்கல. இதை எழுதினா நாலு பேரு வேலை போயிடும். போங்க, போய் ப்ளைட் ஏறுங்க." கத்தி அவருடைய பேண்ட் பாக்கெட்டுக்குள் போய்விட்டது.

"அப்ப பாயை விட்டுடுங்க சார். கத்தி வச்சிருந்த என்னையே விடுறீங்களே."

"அது எப்படி விட முடியும்? அவரைப் பத்தித் தகவல் வந்திருக்கு. தகவல் வந்துட்டா மேலிடம் வரைக்கும் எழுதி, விசாரிச்சு முடிக்கணும். உங்க கத்தியைப் பத்தித் தகவல் எதுவும் வரலையே."

"தேங்காய்தான சார் அது. உடைச்சும் பாத்துட்டீங்க."

"உடைச்சதுல இன்னொரு பிரச்சினை. உள்ள தண்ணி இருந்துச்சு. நூறு மில்லிக்கு மேல."

இராஜாங்கம் வாயைத் திறந்தார். தகவல் கொடுத்தவனே நான்தான், வயித்தெரிச்சல்ல சொன்ன சொல்லு, அதுல ஒரு மண்ணும் இல்ல என்று சொல்ல வேண்டும். சொல்லியிருந்தால் முடிந்தது. தொண்டை வரைக்கும் வந்தது. அதற்குள் பாய் உள்ளேயிருந்து அவரைப் பார்த்துவிட்டார்.

"அண்ணே! இன்னுமா போகல? ஓடுங்கண்ணே, கதவைச் சாத்திடுவான். ரெண்டு பேரும் போகலேன்னா ஆர்டர் வெளியூர்க்காரன் கைக்குப் போயிடும். ஒருத்தருக்காவது கிடைக்கட்டும்." அப்புறம் குரலைத் தாழ்த்தாமலே சொன்னார், "செழியன்கிட்ட விலையை முதல்ல பேசாதீங்க. காயைக் கையில கொடுத்துட்டுச் சும்மா இருங்க. அவரே குலுக்கிப் பாத்து, அவரே பேசுவாரு. நீங்க அவசரப்பட்டுப் பேசித்தாண்ணே எல்லாத்தையும் கெடுத்துக்கிறீங்க. கிடைச்சா எனக்கும் பாதி லோடு கொடுங்க, மறந்துடாதீங்க."

இருபது வருஷமாக எதிர்க் குடோனைப் பார்த்துப் பார்த்து இராஜாங்கம் மண்டையை உடைத்துக்கொண்ட தொழில் ரகசியம் அதுதான். செருப்பில்லாமல் உட்கார்ந்துகொண்டு அதைத் தூக்கிக் கொடுக்கிறார்! நன்றி வர வேண்டிய இடத்தில் இராஜாங்கத்துக்கு எரிச்சல்தான் வந்தது. இந்த நிலைமையிலும் எனக்குப் புத்தி சொல்கிற இடத்தில் இவன்தான் இருக்க வேண்டுமா? வந்த சொல்லை விழுங்கினார். திரும்பி ஓடினார். கதவைச் சாத்துவதற்கு முன் ஏறிவிட்டார்.

பெட்டியில் போட்டிருந்த அவருடைய சாம்பிள் காய் பத்திரமாக வந்து சேர்ந்தது. சாயங்காலம் செழியனின் ஆபீசில் காயை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தார். செழியன் குலுக்கிப் பார்த்தார், உடைத்துப் பார்த்தார், அவரே பேசினார். ஆர்டர் இராஜாங்கத்துக்கு என்றார். இராஜாங்கத்துக்கு எழுந்து குதிக்கலாம் போலிருந்தது.

"உங்களுக்கேதான் கொடுக்கணும்னு மத்தியானமே முடிவு பண்ணிட்டேன்" என்றார் செழியன். "சேக் தாவூது பாய் போன் பண்ணினாரு. அங்கேயே உக்கார வச்சிருக்காங்களாம், அப்பவும் உங்களைப் பத்தித்தான் பேசினாரு. 'அண்ணன் கொஞ்சம் படபடன்னு பேசுவாரு, காயில கலப்படம் இருக்காது'ன்னாரு. நல்ல மனுஷங்க. அவரோட இருக்கீங்களே, கொடுத்து வச்சவரு நீங்க."

லிப்டில் இறங்கும்போது இராஜாங்கத்துக்கு வாயெல்லாம் கசந்தது. ஜெயித்ததாவது தன் ஜெயமாக இருக்கக் கூடாதா? அதையும் அவனே கொடுத்துவிட்டானே!

தெருவுக்கு வந்ததும் போன் அடித்தது. பாய்தான்.

"கிடைச்சுதாண்ணே?"

"கிடைச்சுது பாய்."

"அல்ஹம்துலில்லாஹ்!" காதைத் துளைக்கிற சத்தம். அதில் கள்ளமே இல்லை. "என்னை இப்பத்தாண்ணே விட்டாங்க. ஊருக்குத்தான் போறேன். ஒரு விஷயம் கேளுங்க, சிரிப்பா இருக்கும். அந்த இன்ஸ்பெக்டர் கடைசியில என்ன சொல்றான் தெரியுமா? 'உங்க கூட வந்தவரே சொல்லித்தான் உங்களைப் பிடிச்சோம்'கிறான்."

இராஜாங்கம் நின்றுவிட்டார். பின்னால் வந்த ஒருவன் இடித்துக்கொண்டு போனான்.

"நீங்க என்ன சொன்னீங்க பாய்?"

"மூஞ்சிக்கு நேரா சொன்னேண்ணே. தேங்காய்க்கும் குண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, நீ சொல்லி நான் என் அண்ணனைச் சந்தேகப்படணுமான்னு கேட்டேன். தப்பை மறைக்க இவனுங்க எதையும் சொல்லுவானுங்க. இவனுங்க பேச்சை எவன் நம்புவான்?"

இப்போதும் சொல்லலாம். அந்த இன்ஸ்பெக்டர் சொன்னது நிஜம்தான் பாய், நான்தான் சொன்னேன் என்று சொல்லலாம். இராஜாங்கம் போனை இறுக்கிப் பிடித்தார்.

"ஆமா பாய்" என்றார். "எவன் நம்புவான்."

பாய் சிரித்துக்கொண்டே போனை வைத்தார். இராஜாங்கம் முன்பின் தெரியாத அந்தத் தெருவில் அப்படியே நின்றார். இனி அந்த ஆள் தஞ்சாவூர் வழியாக வீட்டுக்குப் போய், குளித்து, சாப்பிட்டு, படுத்ததும் தூங்கிவிடுவார். அந்தத் தூக்கத்தை நினைத்தபோது, பாயின் வியாபாரத்தைப் பார்த்துக்கூட ஒருநாளும் பட்டிராத பொறாமை அவருக்கு வந்தது.