நாற்பது நிமிஷ இதயம்

அடைவைத்த நான்காம் நாள் முட்டையிலிருந்து எடுத்த கோழிக்கருவின் இதயம் ஒன்று இரண்டாம் மாடி ஆய்வுக்கூடத்தில் ஏழு வருஷம் துடித்தது. அங்கே எடுக்கிற இதயங்கள் வழக்கமாக நாற்பது நிமிஷம் தாங்கும், அதற்குள் அளந்துவிட வேண்டும். அளக்கிற பெண்ணைக் கட்டிடத்தில் அளவுக்காரி என்றே சொல்வார்கள். கரு வளர வளர இதயத்தின் சதை எத்தனை இறுகுகிறது என்று நாள்வாரியாக எழுதுவது அவள் உத்தியோகம். எள்ளளவே இருக்கும் இதயத்தை வெதுவெதுப்பான உப்புநீர்த் தட்டில் விட்டு, மயிரிழை போன்ற கண்ணாடிக் குழாயின் வாயை அதன்மேல் வைப்பாள். குழாயின் மறுமுனை ஒரு தண்ணீர்த் தொட்டியில் இருக்கும். தொட்டியை ஒரு படி இறக்கினால் குழாய் சதையை மெல்ல உறிஞ்சும், சதை எவ்வளவு உள்ளே புடைக்கிறது என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்து எழுதவேண்டும். இப்படி ஐந்து படி. நிறையப் புடைத்தால் இளசு, புடைக்க மறுத்தால் முற்றல். காய் வாங்குகிறவர்கள் விரலால் பார்ப்பதை அவள் தண்ணீரால் பார்த்தாள், அதற்குச் சம்பளமும் கொடுத்தார்கள்.

அந்த இதயத்தை எடுத்த அன்று பதினொன்று இருபதுக்குத் தங்கையிடமிருந்து போன் வந்தது. அம்மாவுக்கு மூச்சு இழுக்கிறது, உடனே வா. ஆஸ்பத்திரி நாலு தெரு தள்ளித்தான் இருந்தது. அளவுக்காரி போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றரை, அம்மா போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. "தட்டுல இதயம் இருந்துச்சு, பாதியில விட முடியல" என்றாள். தங்கை தையல்காரி, பேச்சையும் கத்தரித்தே பேசுகிறவள். "பெத்தவ நெஞ்ச விட உனக்குக் கோழிக்குஞ்சு நெஞ்சு பெருசாப் போச்சு. இனிமே என் வாசப்படிய மிதிக்காத" என்றாள். அக்கா மிதிக்கவில்லை. இருவருக்கும் வேறு உடன்பிறப்பு கிடையாது. மூன்றாம் நாள் அளவுக்காரி வேலைக்குத் திரும்பியபோது தட்டில் இதயம் துடித்துக்கொண்டிருந்தது.

முதல் வாரம் எல்லாரும் வந்து பார்த்தார்கள். ஆய்வுக்கூடத்தின் தலைவர் இதைப் பற்றிக் கட்டுரை எழுத ஆரம்பித்து, எவனும் நம்பமாட்டான் என்று பேனாவை மூடிவிட்டார். பிறகு பழகிவிட்டது. மின்சாரம் போனாலும் துடித்தது, உப்புநீர் ஆறினாலும் துடித்தது. வாசல் காவல்காரர் மாடியேறி வந்து அதை வைத்துக் கைக்கடிகாரத்தைச் சரி செய்துகொள்வார். அடைகாக்கும் பெட்டியில் இருந்த முட்டைகளெல்லாம் காலையில் கூர்முனையைத் தட்டின் பக்கம் திருப்பிக்கொண்டு கிடக்கும், அளவுக்காரி ஒவ்வொன்றாக நேரே வைப்பாள். இதயம் எள்ளளவும் வளரவில்லை. ஆனால் இறுகியது. முதல் வருஷம் மஞ்சள் கருவின் தோல் போல இருந்தது, மூன்றாம் வருஷம் பென்சில் அழிக்கும் ரப்பர், ஆறாம் வருஷம் நகம். அதைத் தொட்ட குழாய்கள் நுனி உடைந்தன. எத்தனை முறை அளந்தாலும் இரண்டு படிக்கு மேல் தொட்டியை இறக்க அவளுக்குக் கை வராது. இன்னும் கொஞ்சம் இறுகினால் அது நின்றுவிடும் என்று அவளுக்குத் தெரியும். அது நின்றுவிட்டால் தங்கை இனி ஒருநாளும் பேசமாட்டாள் என்றும் நம்பினாள். ஏனென்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவ்வளவு படித்தவளுக்கு அப்படி ஒரு நம்பிக்கை. தங்கை இல்லாமல் அவளுக்கு நாள் நகரவே இல்லை.

அதே ஏழு வருஷமும், ஆறு பஸ் நிறுத்தம் தள்ளி, தங்கையின் தையல் மெஷின் யாரும் மிதிக்காமலே ஓடியது. கால் வலி மிச்சம் என்று அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. ஏழாம் வருஷம் மெஷின் தையல் விட ஆரம்பித்தது. மூன்று தையல், ஓர் இடைவெளி, மறுபடி மூன்று. ஊசி மாற்றினாள், பெல்ட் மாற்றினாள், மெக்கானிக் வந்து எண்ணெய் விட்டு டீ குடித்துப் போனார். பள்ளிக்கூடச் சீருடைகள் விலாவில் பிளந்துகொண்டு திரும்பி வந்தன. ஒரு நண்பகலில் மெஷினின் கழுத்தில் காதை வைத்து, உள்ளே ஒரு நெஞ்சு அடிப்பதைக் கேட்டவள், எழுந்து கடையைப் பூட்டிவிட்டுப் பஸ் ஏறினாள். தானாடாவிட்டாலும் தசையாடும் என்பார்கள். இங்கே மெஷின் ஆடியது, அவ்வளவுதான் வித்தியாசம்.

"எங்க உன் கோழி நெஞ்சு?" என்று கேட்டுக்கொண்டேதான் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தாள். அக்கா எழுந்து தட்டைக் காட்டினாள். மூன்று துடிப்பு, ஓர் இடைவெளி. தங்கை வெகுநேரம் பார்த்தாள். பிறகு, கை சும்மா இருக்கமாட்டாமல், மேஜையில் இருந்த அளவு நோட்டைப் புரட்டினாள். தையல்காரிக்கு அளவு நோட்டு புதிதா என்ன, அந்தத் தேதியைத் தேடிப் பிடித்துவிட்டாள். பதினொன்று பத்துக்குத் தொடங்கிய பக்கம். ஐந்து வரியில் இரண்டுதான் நிரம்பியிருந்தது.

"மிச்சம் மூணு எங்க?"

"எழுதல."

"நீ வேலைய முடிச்சிட்டுதான வந்தேன்னு நெனச்சேன். ஒன்றரை வரைக்கும் என்ன பண்ணிட்டிருந்த?"

"இங்கயே உக்காந்திருந்தேன். வேலைன்னு சொன்னது பொய்டி. அம்மா போறதப் பாக்கப் பயமா இருந்துச்சு. காலு எந்திரிக்கல."

தங்கை நோட்டை மூடவில்லை. "எனக்கு மட்டும் பயமில்லையா? அதுக்குத்தானே உன்னக் கூப்பிட்டேன்" என்றாள்.

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அளவப் பாதியில விட்டா எதுவும் உருப்படாது, எடு" என்றாள். அளவுக்காரி மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். கண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை. தங்கை அவளை இடுப்பால் தள்ளிவிட்டுத் தானே உட்கார்ந்து பார்த்தாள், அக்கா தொட்டியை இறக்கினாள். மூன்றாம் படியில், நகம்போல் இருந்த சதை கொஞ்சம் நெகிழ்ந்தது. நான்காம் படியில் ரப்பர். ஐந்தாவதில் நான்காம் நாள் இதயம் எப்படிப் புடைக்கவேண்டுமோ அப்படிப் புடைத்தது. தங்கை எண்களைச் சொல்லச் சொல்ல அக்கா எழுதினாள். எழுதி முடித்த பிறகு இதயம், மற்ற எல்லா இதயங்களையும் போல, மெதுவாகி நின்றது. இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு.

பக்கத்தின் அடியில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. முட்டையிலிருந்து எடுத்தபின் ஆன நேரம் என்று தலைப்பு. அக்காவின் பேனா அங்கே நின்றது.

"நாப்பது நிமிஷம்னு போடு" என்றாள் தங்கை.

அப்படியே போட்டாள். மறுநாள் தலைவர் பக்கத்தைப் பார்த்து, நான்காம் நாளுக்கு எண்கள் சரியாக இருக்கின்றன என்று கையெழுத்துப் போட்டார். தங்கை அன்றிலிருந்து மெஷினைக் காலால் மிதித்துத்தான் தைக்கிறாள். கால் வலிக்கிற அன்று அக்கா வந்து மிதிக்கிறாள்.