அவள் சொல்ல வேண்டிய ‘போதும்’

தொண்ணூற்றொன்றில் சில வாரங்களே ஓடிய தொலைக்காட்சிப் போட்டி அது. கணவன் பகடை உருட்டுவான். விழும் எண்கள் சேர்ந்துகொண்டே போகும். ‘ஒன்று’ என்ற எண் விழுந்தால் சேர்ந்ததெல்லாம் போச்சு. மனைவி ‘போதும்’ என்றால்தான் ஆட்டத்தை நிறுத்தலாம்.

படப்பிடிப்பில் வசந்தகுமாரின் மனைவி சசிகலா சீக்கிரமே சொல்லிவிட்டாள். ஸ்கூட்டர் பரிசு போய் மிக்சிதான் கிடைத்தது. ஸ்ரீபெரும்புதூர் வரும்வரை பஸ்ஸில் வசந்தகுமார் அவளைத் திட்டித் தீர்த்தான். அடுத்த மாதமே மஞ்சள் காமாலை அவளைக் கொண்டுபோயிற்று. இருந்த ஒரே கல்யாண போட்டோவிலும் தலையைக் குனிந்திருந்தாள். அவர்கள் ஆடியது இன்னும் ஒளிபரப்பாகவில்லை; இனி அவள் முகத்தை டிவியில்தான் பார்க்க வேண்டும்.

ஞாயிறுதோறும் போட்டி வரும் நேரத்தில் டிவி முன் காத்திருந்தான். அந்த நேரத்தில் இப்போது கச்சேரி வந்தது.

“அத்த நிறுத்திட்டாங்கடா. இன்னாத்துக்கு குந்திகினு கீற?” என்றார் பக்கத்து வீட்டுப் பரசுராமன்.

வசந்தகுமார் வெறும் கையை மூடிக் குலுக்கிக்கொண்டே இருந்தான்.

“அவ இன்னும் சொல்லலண்ணே.”