முப்பத்தேழு தாம்பாளங்கள்

ஆறாறாக வைத்தால் ஒரு தாம்பாளம் மிஞ்சியது. ஏழேழாக வைத்தால் இரண்டு. மூன்று, நான்கு, ஐந்து என்று எதற்கும் முப்பத்தேழு மசியவில்லை.

சுப்பராமனுக்குக் காரணம் தெரியும். வடக்கு மாசி வீதிப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் அவன். முப்பத்தேழை ஒன்றும் முப்பத்தேழும் தவிர வேறெந்த எண்ணும் மீதியில்லாமல் வகுக்காது. ஆறு வரை சோதித்தால் போதும். ஏழேழு நாற்பத்தொன்பது, எண்ணையே தாண்டிவிடுகிறது. காரணம் தெரிந்து என்ன பிரயோஜனம்? தங்கை அகிலாண்டத்தின் நிச்சயதார்த்தத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் திண்டுக்கல் ரயிலில் வந்துகொண்டிருந்தார்கள்.

"ரெண்டு தட்டை உள்ள வை. முப்பத்தஞ்சு, அழகா அஞ்சு வரிசை" என்றாள் அம்மா ஜகதாம்பாள். ஒன்றை மட்டும் எடுத்தால் முப்பத்தாறு, இரட்டைப்படை. வரிசைத் தட்டுக்கு ஆகாது.

"ஒண்ணு தனியா நின்னா என்னம்மா?"

"எதிராத்து நிச்சயதார்த்தத்துல நின்னுதே! மாப்பிள்ளையோட அத்தை என்ன கேட்டா? 'இது என்ன, வழி தப்பி வந்துடுத்தா?'ன்னா. எதிராத்து மாமி இன்னும் வாசல்ல தலை காட்டல."

எந்த இரண்டு என்று அம்மா சொல்லவில்லை. ஆனால் அவள் பார்வை கடைசி இரண்டில் நின்றது. ஒன்றில் வாழைப்பழம், ஒன்றில் தேங்காய். சுப்பராமனின் மனைவி ஜானுவின் அப்பா வாடிப்பட்டியிலிருந்து அனுப்பியவை. காய்ச்சலில் படுத்திருக்கும் மனிதர், தான் வர முடியாததற்குப் பதிலாகத் தன் தோட்டத்துக் காயையும் பழத்தையும் அனுப்பியிருந்தார். தேங்காய்க்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்த ஜானுவின் கை நின்றது.

அவள் கொண்டுவைத்த காப்பி ஆறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு தூக்கு நிறைய, பட்சணத்துக்குச் சுட்ட தட்டை. சுப்பராமன் ஒரு தட்டையைத் தரையில் வைத்தான். அதைச் சுற்றி ஒட்டினாற்போல் இன்னொன்று, இன்னொன்று. ஆறு வைத்ததும் சுற்று சரியாக மூடிக்கொண்டது. ஐந்துக்கு இடைவெளி விழும், ஏழுக்கு இடமில்லை. ஒரே அளவு வட்டங்கள் அப்படித்தான். வாடகைத் தாம்பாளங்களும் ஒரே அளவு! அவன் வேகவேகமாக அடுத்த இரண்டு சுற்றுகளையும் பரப்பினான்.

"அண்ணா, கல்யாணப் பொண்ணு இங்க பசியோட நிக்கறேன். நீ பட்சணத்துல கோலம் போடறயே!" அகிலாண்டம் ஓரத்திலிருந்து ஒன்றை எடுத்துக் கடித்தாள்.

"முப்பத்தாறாக்கிட்டியேடி!"

ஜானு குனிந்து அந்தக் காலி இடத்தில் வேறொரு தட்டையை வைத்தாள். வைத்துவிட்டு, ஏதோ புரிந்ததுபோல் அவனைப் பார்த்தாள்.

"இதுல வரிசை எங்கேடா இருக்கு?" என்றாள் அம்மா.

"இந்தப் பக்கத்துலேர்ந்து பாரும்மா. நாலு, அஞ்சு, ஆறு, ஏழு. திரும்ப ஆறு, அஞ்சு, நாலு. எதுவும் தனியா நிக்கல."

அம்மா விரலால் எண்ணினாள். இரண்டாவது முறையும் எண்ணினாள். "மசமசன்னு நிக்காதே. ஜட்கா வண்டிச் சத்தம் கேக்கறது. ஜானு, உங்கப்பா தட்டு ரெண்டையும் கொண்டா."

ஜமக்காளத்தின் நடுவில் மஞ்சள் குங்குமத் தட்டு ஒன்று. அதைத் தொட்டுக்கொண்டு ஆறு. வாடிப்பட்டித் தட்டுகள் இரண்டும் அதில் அடக்கம். அடுத்த சுற்றில் பன்னிரண்டு. வெளிச்சுற்றில் பதினெட்டு. ஆக முப்பத்தேழு.