இரண்டு ஆம்ப்ளிஃபையர், ஒரு சாவி

வீட்டில் அவளுக்குப் பெயர் பூச்சி. வாயில்லாப் பூச்சி என்று சிறுவயதில் அண்ணன் வைத்தது. நாளாக ஆக முன்பாதி உதிர்ந்து பின்பாதி நிலைத்துவிட்டது. தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் நான்கு வருடமாக வேலை பார்க்கிறாள். பாட்டில்கள் பேசாது, பேச்சை எதிர்பார்க்கவும் செய்யாது. அதனாலேயே அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது.

மாடியில் உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைத்த அறையை அவள் கேட்டபோது வீட்டில் யாரும் மறுக்கவில்லை. பத்துக்கு எட்டு. ஒரு மாதம் தூசி தட்டி, எதிரொலி அடங்கச் சுவரில் கெட்டிப் போர்வைகளைத் தொங்கவிட்டு, பாட்டுக் கேட்கச் சம்பளத்தில் இரண்டு ஸ்பீக்கரும் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையரும் வாங்கி வைத்தாள். நடுவில் ஒரே ஒரு நாற்காலி. கதவுக்குப் புதுப் பூட்டு. அதுவரை சீந்துவாரில்லாமல் கிடந்த அறைமேல் அப்போதுதான் அண்ணனுக்குக் கண் விழுந்தது.

அண்ணன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். கடையில் ஊரார் கண்ணைப் பார்ப்பான், வீட்டுக்கு வந்தால் தன் காதைப் பற்றிப் பேசுவான். கண்ணாடிக் குழல்கள் கனன்று ஓடும் அவனுடைய பழைய பாணி வால்வு ஆம்ப்ளிஃபையர் ஹாலில் இருந்தது. இரண்டு பிள்ளைகள் ஓடித் திரியும் ஹாலில், யாராவது வந்தால் போட்டுக் காட்டுவதைத் தவிர, அதற்கு வாயைத் திறக்க நேரம் வாய்க்கவில்லை.

ஞாயிறு காலை அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூச்சுவாங்க மாடி ஏறினான். பின்னால் அவன் நண்பர் பல் டாக்டர். என்ன நடக்கிறது என்று பார்க்க அண்ணியும் வந்தாள்.

"இது என்ன, டிஃபன் பாக்ஸா?" என்று அவளுடைய டிரான்சிஸ்டர் ஆம்பைக் காட்டிக் கேட்டான்.

"ஆம்ப்."

"இத்துனூண்டு ரூமுக்கு வால்வுதான் பூச்சி. எட்டு வாட் தாராளம். பாடறவங்க பக்கத்துல வந்து உக்காந்த மாதிரி இருக்கும். இதுல வர்றது ஸ்டேஷன்ல ரயில் லேட்டுன்னு சொல்ற குரல்."

டாக்டர் சிரித்தார். அண்ணன் கதவில் தொங்கிய சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"சாவி என்கிட்ட இருக்கட்டும். உள்ள முன்னூறு வோல்ட் ஓடுது, உனக்குக் கை வெக்கத் தெரியாது. நான் வர்றப்ப திறக்கறேன், நீயும் வந்து கேளு."

தன் அறையில் தானும் கேட்கலாம் என்று அவளுக்கு அனுமதி கிடைத்தது. எந்தப் பெட்டி இங்கே இருக்கிறதோ அதன் சொந்தக்காரரிடம்தான் அறை இருக்கும் என்பது அவளுக்கு விளங்கிவிட்டது.

"கேட்டுப் பாரு, உனக்கே தெரியும்" என்று ஒரே பாட்டை முதலில் அவளுடையதிலும் பிறகு தன்னுடையதிலும் போட்டான். வால்வு இனித்தது. டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் மட்டும் சத்தம் கூட்டும் குமிழ்களைப் பார்த்தாள். அவளுடையதைச் சன்னமாக வைத்தவன் தன்னுடையதை ஒரு திருகு கூட்டி வைத்திருந்தான். ஹாலில் வருகிறவர்களுக்கு டிவியோடு ஒப்பிட்டுக் காட்டும்போதும் அவன் இப்படித்தான் போடுவான். வேண்டுமென்று செய்வதில்லை. செல்லப்பிள்ளைக்குப் பரிமாறும்போது அகப்பை தானாக நிறைவதுபோலத்தான்.

"சத்தம் ஒண்ணா இல்ல" என்றாள்.

"என்னது?"

"வால்வைக் கூட்டி வெச்சிருக்க. கொஞ்சம் கூட்டினா எதுவும் நல்லாத்தான் கேக்கும்."

"பூச்சி கடிக்குது டாக்டரே" என்றான் அண்ணன்.

அவள் அலமாரிக்கு அடியிலிருந்து ஒரு சின்ன மரப்பெட்டியை எடுத்தாள். அண்ணனின் கண் அறைமேல் விழுந்த நாளிலேயே அவளே செய்துவைத்தது. அதில் இருந்த சுவிட்சைத் தள்ளினால் ஸ்பீக்கர் ஒரு ஆம்பிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்.

"எங்க லேபுக்கு வர்ற பாட்டில்ல எந்த ஊர்த் தண்ணின்னு போட்டிருக்காது, வெறும் நம்பர்தான். தெரிஞ்சா மனசு ஒரு பக்கம் சாஞ்சிடும். நீ சுவரைப் பாத்து உக்காரு. எது பாடுதுன்னு பத்து தடவை சொல்லு."

"ஸ்பீக்கர் இல்லாம வால்வை ஓடவிட்டா டிரான்ஸ்ஃபார்மர் எரிஞ்சிடும். இதெல்லாம் தெரியாம..."

"அதுக்குத்தான் இது." ஸ்பீக்கர் விலகியிருக்கும் நேரத்தில் அதன் இடத்தில் வால்வுக்குச் சுமையாக நிற்க அவள் பற்றவைத்திருந்த தடித்த ரெசிஸ்டரைக் காட்டினாள். அண்ணன் அதைக் குனிந்து பார்த்தான். சுவரைப் பார்த்து உட்கார்ந்தான்.

ஒலி அளக்கும் மீட்டரை வைத்து இரண்டின் சத்தத்தையும் சமமாக்கினாள். இரைச்சல் கூடாது என்று மின்விசிறியை நிறுத்திக் கதவைச் சாத்தினாள். அவள் சுவிட்சைத் தள்ளித் தள்ளி மாற்ற, டாக்டர் குறித்துக்கொண்டார்.

"வால்வு" என்றான் அண்ணன். "வால்வு. இது டிஃபன் பாக்ஸ், சந்தேகமே இல்ல."

வால்வு கனன்றது. பத்துக்கு எட்டு அறையில் நான்கு பேரும் ஓர் அடுப்பும் இருந்ததுபோல் ஆயிற்று. ஏழாவது தடவை வரும்போது அண்ணனின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

டாக்டர் தொண்டையைச் செருமினார். "அஞ்சு சரி."

"பாத்தியா?"

"அஞ்சு தப்பு."

"காசைச் சுண்டிப் போட்டிருந்தா இந்த வேர்வையாவது மிச்சமாகியிருக்கும்" என்றாள் அண்ணி.

அண்ணன் திரும்பினான். "பத்தெல்லாம் ஒரு கணக்கா? இன்னொரு நாள் இருபது வெச்சுப் பாப்போம்."

பத்து குறைவுதான், அது அவளுக்கும் தெரியும். "வெக்கலாம்" என்றாள். "இருபதும் நீ சரியா சொன்னாலும் இங்க இருக்கப்போறது இந்த டிஃபன் பாக்ஸ்தான்."

"ஏன்?"

"என் ரூம்."

"அப்ப எதுக்கும்மா இந்தப் பரீட்சை?" என்றார் டாக்டர்.

அவள் அண்ணனைப் பார்த்தே பதில் சொன்னாள். "வால்வு நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லியிருந்தா பேசாம இருந்திருப்பேன். நல்லாத்தான் இருக்கு. எனக்குக் கை வெக்கத் தெரியாதுன்ன பாரு, அதுக்குத்தான்."

கையை நீட்டினாள். அண்ணன் அந்தக் கையைப் பார்த்தான், அண்ணியைப் பார்த்தான், பிறகு சாவியை வைத்தான். கழுத்தைத் துடைத்துக்கொண்டு அவனே போய்க் கதவைத் திறந்தான். காற்று உள்ளே வந்தது.

"பெட்டி?" என்றான் வாசலில் நின்று.

"இப்பத் தொட்டா சுடும். அரை மணில ஆறிடும். அப்புறம் வந்து கதவைத் தட்டு."

மூவரும் படியிறங்கும் ஓசை அடங்கியது. வால்வை அணைத்தாள், உள்தாழ்ப்பாளைப் போட்டாள். இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்து டிஃபன் பாக்ஸின் குமிழைத் திருப்பினாள், அண்ணன் வைத்ததைவிட ஒரு திருகு கூடுதலாக.